கர்ப்ப காலத்தில் கணைய அழற்சி: மேல்வயிற்று வலியை ‘வாய்வு’ என்று விட்டுவிடலாமா?

கருவுற்ற பெண்ணுக்கு நெஞ்சு கரிப்பதும், உண்டபின் மேல்வயிறு கனப்பதும் புதியவையல்ல. ஏழு, எட்டு மாதங்களில் கருப்பை மேலெழுந்து இரைப்பையை நெருக்கும்போது இவை வருவது இயல்பே. வீட்டிலுள்ள மூத்தோர் ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள். சிலர் சோடா வாங்கி வரச் சொல்வார்கள். மருந்துக் கடையில் செரிமான மருந்து ஒன்று கிடைத்துவிடும். பெரும்பாலும் வலியும் தணிந்துவிடும். ஆயினும் இத்தகைய வலிகள் பலவற்றுக்கிடையே அரிதாக ஒன்று தாயின் உயிரையும் சேயின் உயிரையும் ஒருசேர அச்சுறுத்துவதாக அமைந்துவிடுகிறது. கணையத்தில் திடீரெனத் தோன்றும் அழற்சியே அது.

ஆயிரம் முதல் பத்தாயிரம் வரையிலான கர்ப்பங்களில் ஒன்றில் இந்நோய் வருவதாக வெவ்வேறு நாடுகளின் மருத்துவப் பதிவுகள் கூறுகின்றன. அரிய நோய்தான். ஆனால் அரிது என்பதாலேயே யாரும் அதனை முதலில் நினைப்பதில்லை. இந்நோயில் காலதாமதத்துக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. லால்பேட்டை, கொள்ளுமேடு, ஆயங்குடி, காட்டுமன்னார்கோவில் பகுதிகளிலிருந்து வரும் குடும்பங்களை மனத்திற்கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறோம். எந்த வலியோடு வீட்டில் காத்திருக்கலாம், எந்த வலியோடு காத்திருக்கலாகாது என்பதைப் பிரித்தறிய இது உதவுமானால் போதும்.

கணையம் என்னும் மறைந்திருக்கும் உறுப்பு

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு கணையம். கையால் தொட்டு உணர முடியாத ஆழத்தில் அது இருக்கிறது. இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரப்பது அதன் ஒரு வேலை. கொழுப்பையும் புரதத்தையும் மாவுச்சத்தையும் உடைக்கும் செரிமான நீரைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புவது மற்றொன்று. அந்நீர் குடலை அடைந்த பின்னரே முழு வீரியம் பெற வேண்டும். அது செல்லும் பாதை அடைபட்டாலோ, கணையத்தின் செல்கள் வேறு காரணத்தால் காயமுற்றாலோ, செரிமான நீர் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொள்கிறது. உணவைச் செரிக்க வேண்டியது தன்னைச் சுரந்த உறுப்பையே அரிக்கத் தொடங்குகிறது. கணையம் வீங்குகிறது, அதைச் சுற்றி நீர் கோத்துக்கொள்கிறது, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிவதால் இரத்த அழுத்தம் சரிகிறது. கடுமையான நிலையில் நுரையீரலும் சிறுநீரகமும் தடுமாறுகின்றன.

மருத்துவ நூல்களுக்கு இந்நோய் புதிதன்று. கருவுற்ற பெண்ணொருவருக்கு இது வந்ததென்ற குறிப்பு 1818ஆம் ஆண்டிலேயே உள்ளது. பித்தப்பையிலிருந்து நழுவும் சிறு கல் கணைய நாளத்தின் வாயை அடைப்பதே காரணமாகலாம் என்று அமெரிக்க மருத்துவர் யூஜின் ஓப்பி 1901இல் காட்டினார். இரத்தத்தில் அமைலேஸ் அளவைக் கொண்டு நோயைக் கண்டறியும் முறை 1929இல் வந்தது. அதற்குப் பின்னும் நெடுங்காலம் கர்ப்பிணிகளின் நிலை மோசமாகவே இருந்தது. 1973இல் வெளியான ஒரு தொகுப்பில், நோயுற்ற தாய்மாரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பதிவாகியுள்ளது. இன்று நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் தாயின் இறப்பு நூற்றுக்கு ஓரிரண்டு என்னும் அளவுக்கு இறங்கியிருக்கிறது. இம்மாற்றத்தைத் தந்தது ஏதோ ஓர் அற்புத மருந்து அன்று. ஸ்கேன் வந்தது, தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வந்தன, நோய் முன்கூட்டியே கண்டறியப்பட்டது. முன்கூட்டி வந்தவர்களே இப்பலனைப் பெற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

‘குடிப்பவர்களுக்கு வரும் நோய் அல்லவா?’

கணைய அழற்சி என்று நாங்கள் சொன்னவுடன் பல குடும்பங்களின் முகம் மாறிவிடுகிறது. மது அருந்துவோர்க்கு வரும் நோய் என்று கேள்விப்பட்டிருப்பதால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். சிலர் நோயின் பெயரை உறவினரிடம் சொல்லவும் தயங்குகிறார்கள். ஆண்களிடம் இந்நோய்க்கு மது ஒரு முக்கியக் காரணம் என்பது உண்மையே. கர்ப்பிணிகளிடம் நிலைமை வேறு. அவர்களுள் ஏறத்தாழ மூவரில் இருவருக்குக் காரணம் பித்தக்கற்களே. அடுத்த இடத்தில் இருப்பது இரத்தத்தில் மிக உயர்ந்துவிடும் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் கோளாறு, சில மருந்துகள் போன்றவை அரிதான காரணங்கள். ஆகவே நோயின் பெயரைக் கேட்டு அந்தப் பெண்ணின் ஒழுக்கத்தை எடைபோடுவது அறியாமை மட்டுமன்று, வலியில் கிடப்பவருக்கு இழைக்கும் அநீதியும் ஆகும்.

கர்ப்பம் ஏன் பித்தக்கற்களை வளர்க்கிறது? கர்ப்ப காலத்தில் மிகும் ஈஸ்ட்ரோஜன் பித்தநீரில் கொலஸ்ட்ராலின் செறிவைக் கூட்டுகிறது. புரொஜெஸ்டரோன் பித்தப்பையைச் சோம்பலாக்குகிறது. அது முழுமையாகச் சுருங்கித் தன்னைக் காலி செய்வதில்லை. தேங்கிய பித்தநீரில் முதலில் சேறு படிகிறது, பின்னர் கல் உருவாகிறது. பெரும்பாலான பெண்களிடம் இது தீங்கின்றிப் பிரசவத்துக்குப் பின் தானாகவே கரைந்தும் விடுகிறது. சிலரிடம் சிறு கல்லொன்று நழுவி, பித்தநாளமும் கணைய நாளமும் சேர்ந்து குடலில் திறக்கும் குறுகிய வாயில் சிக்கிக்கொள்கிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலும் பிரசவத்தை அடுத்த வாரங்களிலும் இது நிகழ்வதே மிகுதி. முன்பே பித்தக்கல் உள்ளவர்கள், உடற்பருமன் உள்ளவர்கள், பல குழந்தைகளைப் பெற்றவர்கள் ஆகியோர்க்கு வாய்ப்புச் சற்றுக் கூடுதல்.

வலியின் தன்மை

இந்நோயின் வலிக்குத் தனி இயல்பு உண்டு. விலா எலும்புகள் கூடும் இடத்துக்குக் கீழே, மேல்வயிற்றின் நடுவில் அது தொடங்குகிறது. கத்தியால் குத்தியதுபோல் நேரே முதுகுக்கு ஊடுருவுகிறது. பிரசவ வலிபோல் வந்து வந்து போவதில்லை; தொடங்கியபின் இடைவிடாமல் நிற்கிறது. மல்லாந்து படுத்தால் மிகுகிறது; உட்கார்ந்து முன்னால் குனிந்தால் சிறிது தணிகிறது. உடன் குமட்டலும் ஓயாத வாந்தியும் வருகின்றன. வாந்தி எடுத்தபின் வயிறு இலேசாவதில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். சாதாரணச் செரியாமையில் வாந்திக்குப் பின் ஆறுதல் கிடைக்கும். சிலருக்குக் காய்ச்சல், சிலருக்குக் கண்ணில் மஞ்சள். விருந்து உண்ட இரவில் தொடங்கியதாகப் பலரும் சொல்வார்கள். எதுவும் உண்ணாமலும் வரலாம்.

கர்ப்பிணியின் மேல்வயிற்று வலிக்கு வேறு ஆபத்தான காரணங்களும் உண்டு. கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தில் கல்லீரல் பாதிக்கப்பட்டு, இரத்தத் தட்டணுக்கள் குறையும் நிலையிலும் இதே இடத்தில்தான் வலிக்கும்; அத்துடன் தலைவலியும் பார்வை மங்கலும் சேரலாம். கல்லீரலில் திடீரெனக் கொழுப்புப் படியும் நோயும் வாந்தியோடுதான் தொடங்குகிறது. கருப்பை வளர்ந்து குடலை மேலே தள்ளிவிடுவதால் குடல்வால் அழற்சியின் வலிகூட வழக்கமான இடத்தில் இருப்பதில்லை. இவற்றை வீட்டிலிருந்தபடி பிரித்தறிய எவராலும் இயலாது. எங்களுக்கே இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தேவைப்படுகின்றன. எனவே, மேல்வயிற்று வலி ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் நீடித்தாலோ, முதுகுக்குப் பாய்ந்தாலோ, குடித்த தண்ணீரும் தங்காமல் வாந்தியானாலோ, அந்த இரவே புறப்பட வேண்டும். குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் மற்ற அறிகுறிகளுக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

புறப்படுவதற்கு முன் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவதைத் தவிர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகள் கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்துக்குப் பின் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். இதயத்தருகே, பிறக்கும்வரை திறந்திருக்க வேண்டிய இரத்தக் குழாயையும் முன்கூட்டியே சுருக்கக்கூடும். கர்ப்பிணிக்கு ஏற்ற வலி நிவாரணிகள் மருத்துவமனையில் உண்டு. வலியைப் பொறுத்துக்கொள்ளும்படி யாரும் சொல்லப்போவதில்லை.

புறப்படுவதில் உள்ள தாமதம்

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. இவ்வூர்களின் ஆண்களில் பலர் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை செய்கிறார்கள். வீட்டில் கர்ப்பிணியும் மாமியாரும் சிறுவர்களுமே இருப்பார்கள். இரவு பதினொரு மணிக்கு வலி தொடங்கினால், “தம்பிக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்பலாம்” என்று தொலைபேசி எடுக்கப்படுகிறது. அங்கே அவர் வேலையில் இருப்பார், அழைப்பு கிடைக்காது. கிடைத்தாலும், எந்த மருத்துவமனை, எவ்வளவு செலவு, யார் துணைக்குச் செல்வது என்று பேச்சு நீளும். விடியும்வரை பார்க்கலாம் என்று முடிவாகும். அந்தச் சில மணி நேரத்தில் உடலின் நீர் வற்றி, இரத்த ஓட்டம் குறைந்து, கணையத்தின் சேதம் மிகுகிறது. இந்நோயில் முதல் நாள் சிகிச்சைதான் மற்ற நாள்களின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இதுகுறித்துச் சட்டம் தெளிவாக இருக்கிறது. பதினெட்டு வயது நிறைந்து, தன்னினைவோடு இருக்கும் பெண் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் அளிக்கலாம். கணவர் கையெழுத்திட்டால்தான் சிகிச்சை என்பது சட்டத்தின் நிபந்தனையன்று. உயிருக்கு ஆபத்தான நிலையில், கையெழுத்திட யாரும் இல்லையென்றாலும் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் கணவர்கள் இதைப் படிப்பார்களானால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: “வலி வந்தால் என்னைக் கேட்காமலே கிளம்புங்கள்” என்று ஆறாம் மாதத்திலேயே வீட்டாரிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.

108 ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கியது. கட்டணம் இல்லை, இரவு பகல் என்ற வேறுபாடும் இல்லை. காட்டுமன்னார்கோவில் அரசு மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. அங்கே முதல் உதவி பெற்று, கையில் ஊசிக்குழாய் பொருத்தப்பட்டு, நீர் ஏறத் தொடங்கிய நிலையில் மேல்மருத்துவமனைக்குச் செல்வது, நேரே வாடகை வண்டியில் நெடுந்தூரம் போவதைவிடப் பாதுகாப்பானது. சிதம்பரம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அங்கே அண்ணாமலை நகரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. முன்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவமனையாக இருந்து, இப்போது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாகச் செயல்படுவது அதுவே. பித்தநாளத்திலுள்ள கல்லை உள்நோக்கிக் கருவி வழியே எடுக்கும் ஈ.ஆர்.சி.பி. போன்ற சிகிச்சைகள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அதற்காகச் சிலர் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ அனுப்பப்படலாம். ‘இங்கே கைவிட்டுவிட்டார்கள்’ என்று இதனைப் பொருள்கொள்ள வேண்டா. தாய்–சேய் நல அட்டை, பிக்மி எண், இதுவரை எடுத்த ஸ்கேன் அறிக்கைகள், உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக் கதவருகே மாட்டி வையுங்கள். பிரசவத்துக்கென்று துணிப்பை தயாராகும் மாதத்திலேயே இதையும் செய்துவிடலாம்.

மருத்துவமனையில் நடப்பது என்ன?

நோயை உறுதிசெய்ய மூன்று சான்றுகளில் இரண்டு தேவை: அதற்குரிய வலி, இரத்தத்தில் அமைலேஸ் அல்லது லைபேஸ் இயல்பின் மேல்வரம்பைவிட மூன்று மடங்கு உயர்ந்திருத்தல், ஸ்கேனில் தெரியும் மாற்றம். வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் குழந்தைக்கு எவ்வகையிலும் தீங்கு செய்வதில்லை. பித்தநாளத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டியிருந்தால், நிறமூட்டும் மருந்து செலுத்தாமலே எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். சி.டி. ஸ்கேனை இயன்றவரை ஒத்திப்போடுவோம். தாயின் உயிரைக் காக்க அது தேவையென்றால் தயங்கவும் மாட்டோம்.

சிகிச்சையின் முதற்படி, நரம்பு வழியே நீர் ஏற்றுதல். “இன்னும் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் போடுங்கள்” என்று உறவினர்கள் அன்போடு கேட்பதுண்டு. இந்நோய்க்கு ஏற்றது பெரும்பாலும் ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக் கரைசல். அளவு மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அளவுக்கு மீறி வேகமாக ஏற்றுவதைவிட மிதமாக ஏற்றுவதே நல்லது என்று 2022இல் வெளியான பெரிய ஆய்வொன்றும் காட்டியிருக்கிறது. எனவே சிறுநீரின் அளவு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துப் பார்த்தே நீரின் வேகம் மாற்றப்படும். செவிலியர் மணிக்கொரு முறை சிறுநீர்ப் பையை நோக்குவது இதற்காகத்தான்.

உணவைப் பற்றிய கருத்தும் மாறியிருக்கிறது. முன்பு பல நாள் பட்டினி போடுவார்கள். இப்போது, வாந்தி நின்று பசி தோன்றியதும், இலேசான நோயில் ஓரிரு நாளுக்குள்ளேயே கொழுப்புக் குறைந்த உணவைத் தொடங்குகிறோம். குடல் வேலை செய்துகொண்டிருந்தால் கிருமித் தொற்றின் ஆபத்துக் குறைகிறது. கடுமையான நோயில் மூக்கு வழியாக மெல்லிய குழாய் செலுத்திக் குடலுக்கு உணவு தருவோம். கிருமிக்கொல்லி மருந்து எல்லோருக்கும் வேண்டியதில்லை. தொற்று உறுதியானாலோ பித்தநாளத்தில் சீழ் பிடித்தாலோ மட்டுமே அது தேவை.

பெரும்பாலோர் ஒரு வாரத்துக்குள் தேறிவிடுகிறார்கள். ஐவரில் ஒருவர் அளவுக்கு நோய் கடுமையாகி, தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்களும் வாரங்களும் கழிய நேரலாம். யார் எந்தப் பக்கம் செல்வார் என்பது முதல் இரண்டு நாள்களில் முழுமையாகத் தெரியாது. “ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே” என்று வராந்தாவில் நிற்போர் வருந்துவதை நாங்கள் அறிவோம். அந்நேரத்தில் நாங்கள் தரக்கூடிய நேர்மையான மறுமொழி, ‘நாற்பத்தெட்டு மணி நேரம் பொறுங்கள்’ என்பதே.

குழந்தைக்கு என்ன ஆகும்?

எல்லாத் தாய்மாரும் முதலில் கேட்பது இதைத்தான். கணைய அழற்சி குழந்தையின் உறுப்புகளில் ஊனத்தை உண்டாக்குவதாகச் சான்று இல்லை. செரிமான நீர் குழந்தையைச் சென்றடைவதும் இல்லை. ஆபத்து வேறு வழியில் வருகிறது. தாயின் இரத்த அழுத்தம் தாழ்ந்தால் நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. தாயின் நுரையீரல் தளர்ந்தால் குழந்தைக்குக் கிடைக்கும் உயிர்வளி குறைகிறது. அழற்சியின் விளைவாகக் கருப்பை முன்னதாகவே சுருங்கத் தொடங்கலாம். முதல் மூன்று மாதங்களில் நோய் வந்தால் கருச்சிதைவுக்கும், பின்னர் வந்தால் குறைப்பிரசவத்துக்கும் வாய்ப்புண்டு. கடுமையான நோயில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடுவதும் நேர்கிறது. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. நோய் இலேசாக இருந்து விரைவில் தணிந்தால், பெரும்பாலான கர்ப்பங்கள் நிறைமாதம்வரை செல்கின்றன.

குழந்தையை உடனே வெளியே எடுத்துவிட்டால் தாய் பிழைத்துக்கொள்வாள் என்று குடும்பத்தார் சிலர் வற்புறுத்துவார்கள். கணைய அழற்சி என்பதற்காக மட்டும் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை; பிரசவம் முடிந்ததால் அழற்சி நின்றுவிடும் என்ற உறுதியும் இல்லை. தாயின் நிலை சிகிச்சைக்குப் பின்னும் சரிந்துகொண்டே போனால், குழந்தையின் இதயத்துடிப்புத் தளர்ந்தால், அல்லது ட்ரைகிளிசரைடு கட்டுக்கடங்காமல் இருந்தால், மகப்பேறு மருத்துவரும் அறுவை மருத்துவரும் குழந்தை மருத்துவரும் கூடி அம்முடிவை எடுப்பார்கள். 24 வாரத்துக்கும் 34 வாரத்துக்கும் இடையில் குறைப்பிரசவம் நேரக்கூடும் என்று தோன்றினால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடப்படும். அது தாயின் சர்க்கரையைச் சில நாள் உயர்த்தும் என்பதால் விரல் நுனியில் அடிக்கடி இரத்தம் எடுப்பார்கள்.

முன்னதாகப் பிறந்த குழந்தை பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருக்கும். தாய் வேறு தளத்தில் தீவிர சிகிச்சையில் இருப்பார். இடையே ஓடுகிறவர் பெரும்பாலும் பாட்டிதான். அவருக்கு ஒரு செய்தி: தாய் நினைவோடு இருந்தால், முதல் நாளிலிருந்தே பாலைப் பீய்ச்சி எடுத்துக் குழந்தைக்குக் கொடுக்கலாம். தாய்க்குத் தரும் மருந்துகளில் பெரும்பாலானவை அதற்குத் தடையல்ல. ஐயமிருந்தால் செவிலியரிடம் கேளுங்கள். பால் நோயுற்றுவிட்டது என்று கறந்து கொட்டுவது தேவையற்ற இழப்பு.

பித்தப்பையை என்ன செய்வது?

பித்தக்கல்லே காரணமென்று தெரிந்தபின், ‘வலிதான் போய்விட்டதே’ என்று வீட்டுக்குச் செல்வது இயற்கையாகத் தோன்றும். பித்தப்பையை அப்படியே விட்டால், அதே கர்ப்பத்திலேயே ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மீண்டும் வலி வருகிறது. இரண்டாம் முறை முதல் முறையைவிடக் கடுமையாக இருந்துவிடலாம். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம்வரையிலான காலம் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்ற ஏற்றது. அப்போது குழந்தையின் உறுப்புகள் உருவாகி முடிந்திருக்கும். கருப்பையும் அறுவைக்கு இடைஞ்சலாக வளர்ந்திருக்காது. கர்ப்பிணிக்கு அறுவை சிகிச்சையா என்ற அச்சம் புரிகிறது. கல்லோடு காத்திருப்பதன் ஆபத்தையும் அறுவையின் ஆபத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தே பரிந்துரைக்கிறோம். கடைசி மாதங்களில் நோய் வந்தால், இயன்றவரை பிரசவம் முடியும்வரை காத்திருந்து, அடுத்த ஆறு வாரங்களையொட்டிச் செய்துவிடலாம். குழந்தையின் நாற்பதாம் நாள் கழிந்ததும் பல தாய்மார் இதை மறந்துவிடுகிறார்கள். அடுத்த கர்ப்பம்வரை தள்ளிப்போட வேண்டா.

பால்போல் வெளுத்த இரத்தம்

இரத்தத்தைக் குழாயில் எடுத்துச் சிறிது நேரம் வைத்தால் மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்கும். சிலருக்கு அது பால் கலந்ததுபோல் வெண்மையாக நிற்கிறது. ட்ரைகிளிசரைடு மிக உயர்ந்ததன் அடையாளம் அது. கர்ப்பத்தின் இறுதியில் இக்கொழுப்பு எல்லாப் பெண்களுக்குமே இரண்டு முதல் நான்கு மடங்குவரை உயரும். குழந்தை வளர்வதற்கான இயற்கையின் ஏற்பாடு அது. முன்பே அதிகமாக இருப்பவர்கள், கட்டுப்படாத சர்க்கரை நோயோ தைராய்டு குறைபாடோ உள்ளவர்கள், மரபுவழியாகக் கொழுப்பை உடைக்கும் திறன் குன்றியவர்கள் ஆகியோரிடம் அவ்வளவு 1,000 மில்லிகிராமைத் தாண்டிவிடலாம். அதன்பின் கணையம் எப்போது வேண்டுமானாலும் பற்றிக்கொள்ளும். இந்நிலையில் அமைலேஸ் அளவு பொய்யாக இயல்பைப்போல் காட்டுவதும் உண்டு. ஆகையால் ஆய்வகத்தார் ‘சீரம் வெளுத்திருக்கிறது’ என்று எழுதி அனுப்பும் ஒரு வரி பல வேளைகளில் நோயாளியைக் காப்பாற்றுகிறது.

மரபுவழிக் குறைபாடு நெருங்கிய உறவில் மணம் செய்துகொண்ட பெற்றோரின் பிள்ளைகளிடம் சற்று மிகுதியாகத் தோன்றும். ஆகவே ஒரு பெண்ணுக்கு இது கண்டறியப்பட்டால், அவருடைய உடன்பிறந்தாரும் ஒருமுறை இரத்தத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. இதற்குச் சிகிச்சை இன்சுலின், கொழுப்பை மிகவும் குறைத்த உணவு, ஒமேகா–3. மிகக் கடுமையான நிலையில் இரத்த நீரையே இயந்திரத்தின் வழி மாற்றுதல். சர்க்கரை நோய் இல்லாத பெண்ணுக்கும் இன்சுலின் தரப்படுவதைக் கண்டு திகைக்க வேண்டா. கொழுப்பை உடைக்கும் நொதியை அது தூண்டுகிறது.

நோன்பும் பிரசவப் பத்தியமும்

ரமலான் மாதம் வரும்போது எங்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. நீண்ட நேரம் உண்ணாதிருக்கையில் பித்தப்பை சுருங்காமல் பித்தநீர் தேங்குகிறது. மாலையில் வடை, சமோசா போன்ற எண்ணெய்ப் பண்டங்களோடு நோன்பு திறந்தால் அது ஒரே வீச்சில் இறுகச் சுருங்குகிறது. பித்தக்கல் உள்ள கர்ப்பிணிக்கு இரண்டும் சேர்வது நல்லதன்று. தனக்கோ தன் குழந்தைக்கோ தீங்கு நேருமென்று அஞ்சும் கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்ற மார்க்கத்திலேயே சலுகை உண்டு. இதனை எங்களைவிட நன்றாக எடுத்துச் சொல்லத் தகுந்த ஆலிம்கள், மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரி இருக்கும் இவ்வூரில் குறைவில்லை. மருத்துவ அறிக்கையோடு அவர்களிடம் கேட்டுத் தெளிந்தால், பெண்ணின் மனத்திலும் குற்றவுணர்வு இராது. நோன்புக் கஞ்சியை மட்டும் யாரும் குறைசொல்ல முடியாது. கறியையும் எண்ணெயையும் மட்டாகச் சேர்த்தால் அது நல்ல உணவே.

பிரசவத்துக்குப் பின் நம் வீடுகளில் நெய்யும் நல்லெண்ணெயும் ஆட்டுக்கறியும் லேகியமும் தாராளமாகக் கொடுப்பது வழக்கம். பெற்ற உடம்பு தேற வேண்டுமென்ற அன்புதான் அது. பித்தக்கல்லோ உயர்ந்த ட்ரைகிளிசரைடோ காரணமாகக் கணைய அழற்சி கண்ட பெண்ணுக்கு அந்த அன்பே மீண்டும் மருத்துவமனைக்கு வழிகாட்டிவிடும். ஆவியில் வெந்த இட்லி, இடியாப்பம் (தேங்காய்ப்பால் வேண்டா), பருப்பு, கீரை, தோல் நீக்கிய கோழி, குழம்பில் வெந்த மீன், முட்டையின் வெள்ளைக்கரு, மோர் ஆகியவற்றாலும் பால் சுரக்கும், உடம்பும் தேறும். பிரியாணியும் பரோட்டாவும் மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்கட்டும். உடல் எடையைக் குறைக்க எண்ணுவோர் மெதுவாகக் குறைக்க வேண்டும். சட்டென்று எடை இறங்கினாலும் பித்தக்கல் உண்டாகும்.

ட்ரைகிளிசரைடு உயர்வால் நோயுற்றவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். காப்பர்–டி அவர்களுக்கு ஏற்றது. கணையம் பெரிதும் சேதமுற்றவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரலாம்; ஆகவே ஆண்டுக்கொரு முறையேனும் சர்க்கரை பார்க்க வேண்டும். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுவோர், கருவுறுவதற்கு முன்னரே ஒருமுறை வந்து, வெறும் வயிற்றில் ட்ரைகிளிசரைடையும் பித்தப்பை ஸ்கேனையும் பார்த்துக்கொள்ளுங்கள். வரும்போது முந்தைய மருத்துவமனைச் சீட்டையும் மறவாமல் எடுத்து வாருங்கள். அதில் எழுதியிருக்கும் உயர்ந்தபட்ச ட்ரைகிளிசரைடு அளவுதான் அடுத்த கர்ப்பத்தில் எந்த மாதத்திலிருந்து, எத்தனை வாரத்துக்கொரு முறை இரத்தம் பார்க்க வேண்டும் என்பதை எங்களுக்குச் சொல்லும்.